நாலு நாள் மறைத்து வைத்த சிவப்பு: ஒரு மருமகளும் நாலு பேர் பேச்சும்

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஒரு சின்னக் குழுவில் நர்ஸாக இருக்கிறேன். கும்பகோணத்தைச் சுற்றி 20, 25 கிலோமீட்டர் வரைக்கும் ஸ்கூட்டியில் போவேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஃபைல் உண்டு. பிரஷர், சுகர், புண்ணின் நீள அகலம், மாத்திரைப் பட்டியல் எல்லாம் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். பார்த்துக்கொள்கிறவருக்கு மட்டும் ஒரே ஒரு வரி: "பராமரிப்பவர்: மருமகள்." இந்த நிகழ்வு ஆய்வு அந்த ஒரு வரியைப் பற்றியது. அந்த அக்காவிடம் கேட்டு, அவர் சரி சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், பேச்சுகளை மாற்றவில்லை. இதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

வீடும் ஆட்களும்

நோயாளிக்கு 74 வயது. சர்க்கரை 20 வருஷமாக, பிரஷர் மாத்திரை நினைத்தால் போடுவார், இல்லாவிட்டால் இல்லை. 2022 ஜூனில் ஒருநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்கும்போது கை நழுவி, வாய் கோணியது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் வந்த நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இவர்கள் "பித்தமா இருக்கும், கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கை, வலது கால் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. 12 நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள்.

திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு அது. கட்டிலை முன்கூடத்தில்தான் போட முடிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டுக்குள் யார் வந்தாலும், தபால் கொடுக்க வந்தவர்கூட, முதலில் பார்ப்பது அந்தக் கட்டிலைத்தான். மருமகளுக்கு 48 வயது, வீட்டிலேயே ப்ளவுஸ் தைத்துக் கொடுப்பவர், தையல் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுக்கொண்டார். கணவர் பாத்திரக் கடையில் வேலை, காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி ஒன்பதரை. பையன் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறான். நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, சென்னையில் பள்ளி ஆசிரியை. இரண்டு தெரு தள்ளி, இறந்துபோன மாமனாரின் அண்ணன், 80 தாண்டியவர், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எதிர்வீட்டு அம்மா ஒருவர். இவர்கள்தான் ஆட்கள்.

மருமகள் யாரிடமும் வாய்விட்டுச் சண்டை போடுகிற ஆளில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரும் இவரும் அப்படியொன்றும் ஒட்டி உறவாடியதில்லை என்பதையும் அவரே சொன்னார். "அத்தைக்கு என் சமையல் பிடிக்காது சிஸ்டர், இப்ப வேற வழியில்லாம சாப்பிடறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

என்ன பேசினார்கள்

முதல் பேச்சு முடியைப் பற்றி. படுத்தே இருந்தால் பின்னந்தலை வியர்த்து, முடி ஜடை பிடித்து, பேன் வந்துவிடும். ஆகஸ்டில் முடியைத் தோள் வரைக்கும்கூட வைக்காமல் ஒட்ட வெட்டிவிட்டார். சுகாதாரமாகப் பார்த்தால் நான் கைதட்டியிருப்பேன். ஆனால் கணவனை இழந்த ஒரு பெண்மணியின் தலைமுடியை மருமகள் வெட்டினாள் என்றால் நம் ஊரில் அதற்கு வேறு ஒரு பழைய அர்த்தம் இருக்கிறதே. "மொட்டையடிச்சு மூலையில போட்டுட்டா" என்று தெருவில் பேச்சு. மூலையிலும் போடவில்லை, மொட்டையும் அடிக்கவில்லை.

அடுத்தது நைட்டி. ஆயுள் முழுக்கச் சின்னாளப்பட்டுப் புடவை கட்டியவருக்கு, முதுகுப் பக்கம் கிழித்து நாடா வைத்து இவரே தைத்த நைட்டி. புடவையின் மடிப்பும் முடிச்சும் அடியில் மாட்டினால் தோல் கன்றிப்போகும், டயபர் மாற்றவும் வழியில்லை. இது யாருக்கும் சொல்லிப் புரியவைக்கிற விஷயமா? எதிர்வீட்டு அம்மா "நல்லாத்தான் தைக்கிற, அத்தைக்கு மட்டும் கிழிசலா?" என்று கேட்டாராம்.

சாப்பாடு மூன்றாவது. பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் பலவீனமாகிவிடும், அப்போது ஆபத்து இட்லியைவிடத் தண்ணீரில்தான் அதிகம். தண்ணீர், காபி, ரசம் எல்லாம் சரசரவென்று ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கொஞ்சம் கெட்டியாக, வழவழவென்று இருந்தால்தான் நிதானமாக இறங்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடியே இவர் கேழ்வரகுக் கூழ், தயிரில் மசித்த இட்லி, கெட்டியாக மசித்த பருப்புச் சாதம் என்று உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தச் சொல்லி, ஒவ்வொரு ஸ்பூனாக 40, 45 நிமிஷம் கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு இதில் தெரிந்தது ஒன்றுதான்: "ஒரு வாய் காபிக்கு ஏங்க விட்டுட்டா."

2022 தீபாவளிக்கு அந்த ஏக்கம் தீர்ந்தது. மருமகள் குளிக்கப் போன நேரம், வந்திருந்த உறவுக்கார அம்மா ஒருவர் பாசமாக, படுத்தபடியே இருந்த நோயாளியின் வாயில் அரை டம்ளர் காபியை ஊற்றினார். இருமல், நீலம் பாரித்த உதடு, இரண்டு நாளில் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் 5 நாள். அந்த 5 நாளும் வந்து பார்த்தவர்கள் பேசிக்கொண்டது: "தீபாவளியன்னைக்குப் பச்சத்தண்ணியில குளிப்பாட்டியிருக்கா."

காபி கொடுத்தது யார் என்று மருமகள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் அக்கா என்று கேட்டேன். "சொன்னா அவங்க மேல பழி போடறேன்னு ஆயிடும்" என்றார்.

அழுகையும் தலையாட்டலும்

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி ஒன்று அவருக்கு எதிராக இருந்தது. நோயாளி அழுவார். யாராவது வந்து "எப்படி இருக்கீங்க?" என்றதும் உதடு துடித்து ஓவென்று அழுவார். மகள் போனில் வந்தால் அழுவார். மருமகளோடு தனியாக இருக்கும் பகலில் அழுவதே இல்லை. பார்க்கிறவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? மருமகள் இருக்கும்போது பயந்து அடக்கிக்கொள்கிறார், சொந்தங்களைக் கண்டதும் கொட்டித்தீர்க்கிறார் என்றுதான் வருவார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இந்த அழுகை வரும். அழுகையை அடக்கி வைக்கும் மூளை நரம்புப் பாதை அடிபட்டுவிடுவதால், ஒரு சின்ன நெகிழ்ச்சிக்கே அணை உடைந்தமாதிரி கொட்டிவிடும். உள்ளே இருக்கும் வருத்தத்தின் அளவுக்கும் வெளியே வரும் அழுகையின் அளவுக்கும் சம்பந்தமே இருக்காது. சிலருக்குச் சிரிப்புகூட இப்படி வரும், சாவு வீட்டில் சிரித்து அவமானப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். புதுமுகம், அன்பான குரல், பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, இவைதான் அதைத் தூண்டிவிடும். தினமும் கூடவே இருக்கும் மருமகளைப் பார்த்தால் நெகிழ்வதற்கு என்ன இருக்கிறது?

இன்னொன்று தலையாட்டல். பேச்சு போனவர்களில் பலருக்கு "ஆமாம்", "இல்லை" இரண்டும் குழம்பிவிடும். கேட்டதற்கெல்லாம் தலையை மேலும் கீழும் ஆட்டுவார்கள். பெரியவர் ஒருநாள் குனிந்து காதோடு "உன்ன அடிக்கிறாளா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று தலை ஆடியது. அன்று ராத்திரியே அது சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது.

மருமகளுக்காகப் பேசியிருக்க வேண்டிய ஒரே ஆளுக்குப் பேச்சு இல்லை.

பொங்கல்

நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனது 2023 பொங்கல் முடிந்த வாரம். முதுகெலும்பு முடியும் இடத்தில் புண் என்று கூப்பிட்டிருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். 4 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம், மேல்தோல் முழுக்க உரிந்திருந்தது, ஆழம் அதிகமில்லை. அடியில் வட்டமாகக் காற்றடித்த ரப்பர் வளையம் ஒன்று. என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியம் இதுதான்: "இவ்வளவு ஆகறவரைக்கும் பாக்கலையாக்கா?"

நான் அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன் என்று அப்போது நினைத்தேன். அவர் "நேத்துதான் பாத்தேன் சிஸ்டர்" என்றார். அது பொய் என்று புண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. ஃபைலில் "கவனக்குறைவு இருக்கலாம்" என்று எழுதிவைத்துவிட்டு வந்தேன். அந்த வீட்டில் அவரைக் குறை சொன்னவர்கள் வரிசையில் நான் ஐந்தாவது ஆள்.

மூன்றாவது தடவை போனபோதுதான் நடந்ததைச் சொன்னார். போகிக்கு முந்தின நாளே அந்த இடம் சிவந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. அந்தக் கட்டத்தில் அந்த இடத்தில் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டாலே சில நாளில் தேறிவிட வாய்ப்பு உண்டு. ஆனால் பொங்கலுக்கு நாத்தனார் வருகிறார். "சிவந்திருக்குன்னு சொன்னா போன்லயே ஆரம்பிச்சிடுவாங்க. வந்துட்டுப் போற மூணு நாளும் நல்லபடியா போகட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நெனச்சேன்." பவுடர் போட்டு வைத்திருக்கிறார். அம்மாவைப் பார்க்க நாலு பேர் வருவார்கள், நைட்டியோடு பார்த்தால் பேச்சு வரும் என்று, நல்ல புடவையைச் சுற்றி, தலைமாட்டில் மூன்று தலையணை அடுக்கி, சாய்த்து உட்காரவைத்திருக்கிறார், மணிக்கணக்காக. சாய்ந்து உட்கார்ந்தவர் சறுக்கிச் சறுக்கிக் கீழே வருவார். தோல் படுக்கையோடு ஒட்டி நிற்கும், எலும்பு கீழே இறங்கும், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சதை இழுபட்டு நசுங்கும். படுக்கைப்புண்ணுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது.

காணும் பொங்கலன்று டயபர் மாற்ற உதவிக்கு வந்த நாத்தனார் அதைப் பார்த்தார். "பாத்துக்கிற லட்சணம் இதுதானா? எங்கம்மா முதுகு புழுத்துப்போற அளவுக்கு என்ன பண்ணிட்டிருந்த?" பெரியவர் உட்பட எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நான் இந்த வழக்கில் புரிந்துகொண்டது இந்த இடத்தில்தான். முடி, நைட்டி, காபி எல்லாம் பொய்ப் பழி, அவற்றை ராத்திரி அழுது கழுவிவிட முடிந்தது. புண்ணைப் பற்றிச் சொன்னது பாதி உண்மை, அதுதான் அவரை உடைத்தது. புண் வந்ததில் அவர் பங்கு இருக்கிறது என்று அவருக்கே தெரியும். ராத்திரி பதினொன்றிலிருந்து காலை ஐந்து வரை அவர் தூங்கிவிடுவார், திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லை. செலவை நினைத்து ஒரு நாளைக்கு இரண்டு டயபரோடு நிறுத்தியிருந்தார். ஆனால் சிவப்பை அவர் மறைத்தது சோம்பலால் இல்லை, பேச்சுக்குப் பயந்து. குறை சொல்லிச் சொல்லியே குறையை மறைக்கப் பழக்கிவிட்டார்கள், மறைத்தது நாலு நாளில் புண்ணாகிவிட்டது.

கொஞ்சம் படிப்பு விஷயம்

1991-இல் ஒரு அமெரிக்க முதியோர் மருத்துவ இதழில் "கலிஃபோர்னியா மகள்" என்று ஒரு நோய்க்குறியைப் பற்றி எழுதினார்கள். தூரத்தில் இருக்கும் மகள் திடீரென்று வந்து, இதுவரை நடந்த எல்லாம் தப்பு, எல்லா வைத்தியமும் உடனே செய்யுங்கள் என்று டாக்டர்களையும் பார்த்துக்கொள்கிறவரையும் ஒரு வழி பண்ணிவிடுவது. கலிஃபோர்னியாவில் இதையே "நியூயார்க் மகள்" என்பார்களாம். கும்பகோணத்தில் சென்னை மகள், சென்னையில் அமெரிக்கா மகன், அவ்வளவுதான் வித்தியாசம். கேலியாக வைத்த பெயர்தான், ஆனால் உள்ளே இருப்பது குற்றவுணர்ச்சி. கூட இல்லையே என்ற வலிதான் கூட இருப்பவர் மேல் கோபமாக இறங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டால் கோபம் குறையுமா என்றால், எனக்குக் குறைந்தது. மருமகளுக்கு அவ்வளவாகக் குறையவில்லை. "அவங்களுக்கு வலிச்சா என்ன ஏன் திட்டணும்?" என்றார், நியாயம்தானே.

எனக்கு உண்மையிலேயே கைகொடுத்தது இன்னொரு பழைய ஆராய்ச்சி. 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் கூட இருந்தவர்களும், மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு மறுபடி நோய் முற்றுவது ஏன் என்று தேடத் தொடங்கினார்கள். பிறகு அந்த வழியில் வந்த ஆராய்ச்சிகளில், வீட்டில் நோயாளியைக் குறைசொல்லும் பேச்சுகளை எண்ணினார்கள். எண்ணும்போது வார்த்தையோடு நிறுத்தவில்லை, குரலின் தொனியையும் கணக்கில் எடுத்தார்கள். குறை நிறைந்த வீடுகளில் நோய் திரும்புவது அதிகம் என்று தெரிந்தது. அது நோயாளியைக் குறை சொல்வதைப் பற்றிய ஆராய்ச்சி, நம் கதைக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் தொனி தனி, வார்த்தை தனி என்ற அந்த ஒரு விஷயத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

என்ன செய்தோம்

முதலில் நான் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கு வந்ததும் அப்படிக் கேட்டது தப்புக்கா. எப்ப சிவந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." ஃபைலில் எழுதிய வரியையும் அடித்தேன். அதற்குப் பிறகு இடது குதிகாலில் ஒருமுறை, காதோரம் ஒருமுறை, சிவந்த அன்றே போன் வந்தது. இரண்டும் புண்ணாகவில்லை.

அடுத்து ஒரு நோட்டு. தையல் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில், அன்றைக்கு யார் என்ன சொன்னார்களோ அதை எழுதச் சொன்னேன், ஆனால் குரலை எடுத்துவிட்டு, அதில் மிஞ்சும் தகவலை மட்டும். "பாத்துக்கிற லட்சணம் இதுதானா, முதுகு புழுத்துப்போச்சு" என்பது நோட்டில் "முதுகில் புண் இருக்கிறது" என்று ஆயிற்று. "அத்தை இளைச்சு எலும்பாயிட்டாங்க, சோறு போடறியா இல்லியா?" என்பது "எடை குறைந்திருக்கலாம்" என்று ஆயிற்று. அதைப் பார்த்து மேல்கை சுற்றளவை டேப்பால் அளந்தோம் (தையல்காரர் வீட்டில் டேப்புக்கா பஞ்சம்), உண்மையாகவே குறைந்திருந்தது, கூழில் முட்டை வெள்ளையும் பாலும் சேர்த்தோம். அதாவது மோசமான குரலில் சொன்ன சரியான விஷயம் அது. "என்ன இருந்தாலும் பெத்த பொண்ணு பாக்கற மாதிரி வருமா" என்று எதிர்வீட்டு அம்மா சொன்னதில் குரலை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை. அங்கே ஒரு கோடு போட்டிருந்தார். இரண்டு வாரத்தில் கோடுகள்தான் அதிகம். அந்தப் பக்கத்தைப் பார்த்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினோம். நாத்தனாரும் வந்திருந்தார். அடிக்கிறாள் என்ற பேச்சு எழுந்தது. நான் நோயாளியிடம் போய், "அம்மா, இது திருச்சிதானே?" என்றேன். தலை ஆமாம் என்றது. "உங்களுக்கு ஆறு பிள்ளைங்களா?" ஆமாம். "உங்க பொண்ணு உங்கள அடிப்பாங்களா?" ஆமாம். நாத்தனார் முகம் மாறிப்போனது. நிரூபித்துவிட்டேன்தான், ஆனால் அந்த அம்மாவை ஆறு பேர் முன்னால் வைத்து அப்படிச் செய்தது எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. தனியாக நாத்தனாரை மட்டும் வைத்துச் செய்திருக்கலாம். அழுகையைப் பற்றியும் சொன்னேன். நரம்பு டாக்டர் அதற்கு மனச்சோர்வு மாத்திரை ஒன்றைக் குறைந்த அளவில் கொடுத்தார், சில வாரங்களில் அழுகை பாதியாகக் குறைந்தது. (அதற்கும் தெருவில் "பைத்திய மாத்திரை குடுக்கறா" என்றார்கள். நோட்டில் கோடு.)

ரப்பர் வளையத்தை எடுக்கச் சொன்னதுதான் அன்று பெரிய சங்கடம், ஏனென்றால் புண்ணைப் பார்த்துப் பதறிப்போய் அதை வாங்கி வந்தது நாத்தனார். வளையம் புண்ணை அந்தரத்தில் நிறுத்துகிற மாதிரித் தோன்றும், ஆனால் சுற்றியுள்ள சதையை அழுத்தி இரத்த ஓட்டத்தை நெரித்துவிடும், அதனால் படுக்கைப்புண் வழிகாட்டல்களே வேண்டாம் என்று சொல்கின்றன. சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் அப்படித்தான், கூடாது. "நல்லதுன்னுதான் வாங்கினேன்" என்றார் நாத்தனார். மருமகள் உடனே, "எனக்கும் தெரியாது அண்ணி, நானும் நல்லதுன்னுதான் வச்சேன்" என்றார். அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பு இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் காலண்டர். பாத்திரக் கடை மாதக் காலண்டரின் பின்பக்கம் கட்டம் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளைக்கு 12 தடவை, எந்தப் பக்கம் திருப்பினோம் என்று எழுதுவது: "ஜ" என்றால் ஜன்னல் பக்கம், "சு" என்றால் சுவர்ப் பக்கம், "மே" என்றால் மேலே பார்த்து. ராத்திரி ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் கணவர். முதல் வாரம் முணுமுணுத்தார். மருமகள் "உங்கம்மாதானே" என்று ஒரே வார்த்தை சொன்னாராம். 25 வருஷத்தில் முதல் தடவை அப்படிச் சொன்னதாகச் சொன்னார். புண்ணுக்கு வைத்தியமாகப் போட்டதுதான் காலண்டர். ஆனால் கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியதால், வருகிறவர்கள் கண்ணில் நோயாளிக்கு அடுத்து அதுதான் பட்டது. அதுவரை யார் கண்ணுக்கும் தெரியாத வேலை கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பித்தது.

போன் விஷயத்தில் ஒரு ஏற்பாடு. சென்னையிலிருந்து வரும் போனை இனி கணவர்தான் எடுப்பது, ராத்திரி கடையிலிருந்து வந்த பிறகு. என் அனுபவத்தில் நம் வீடுகளில் பிள்ளையைக் கேட்கவேண்டிய கேள்வி பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போய் மருமகள் தலையில் இறங்குகிறது. ரத்த சொந்தத்துக்கு ரத்த சொந்தம் பதில் சொன்னால் பாதிச் சூடு அங்கேயே அடங்கிவிடும். இங்கேயும் அடங்கியது. நாத்தனார் புண்ணின் போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் போடச் சொன்னபோது நான்தான் கூடாது என்றேன். அந்த அம்மாவின் முதுகு 23 பேர் பார்க்கிற பொருளா? அதற்குப் பதிலாகக் கணவர் தினமும் ஒரு வரி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

மூன்று ராத்திரி

மாசி மகத்துக்கு வந்த நாத்தனார் மூன்று ராத்திரி தங்கிப் பார்த்துக்கொண்டார். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போனார், 9 மாதத்தில் முதல் தடவை. போகும்போது வாசல்படியில் நின்று மூன்று தடவை திரும்பி வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாராம்.

இரண்டாம் நாள் நான் புண்ணுக்கு மருந்து போடப் போனேன். நாத்தனாருக்குக் கண் சிவந்திருந்தது. காலண்டரில் ராத்திரி மூன்று மணிக் கட்டத்தில் ஜ, சு, மே எதுவும் இல்லை. "தூங்கிட்டேன்" என்று ஆசிரியைக்கு உரிய அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை, சும்மா "சு" என்று போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் படித்ததைப் பார்த்துவிட்டு, "எப்படி சிஸ்டர் தினமும் இதைப் பண்றா?" என்று மெதுவாகக் கேட்டார்.

இதற்குப் பிறகு அவர் குறை சொல்வதை நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, மின்விசிறியை நேராக வைத்திருக்கிறாய் என்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் "ஏன் பண்ணல?" என்று வந்தது "பண்ணலாமா?" என்று வர ஆரம்பித்தது. மாதம் டயபர் செலவையும் அவர் ஏற்றுக்கொண்டார்.

பெரியவரிடம் எதுவும் பலிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக நோயாளிக்குத் தந்தி பேப்பரை வாசித்துக் காட்டுங்கள் என்று ஒரு வேலை கொடுத்துப் பார்த்தோம். "எனக்குக் கண்ணு தெரியல" என்றுவிட்டார். புண் தெரிந்தது, பேப்பர் தெரியவில்லை. அவர் வரும் ஆறு மணிக்கு மருமகள் மாடியில் துணி எடுக்கப் போவது என்று முடிவானது. எல்லாக் குறைக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லையே, துணியும் தினமும் காயத்தானே செய்கிறது.

கணக்கு

பார்த்துக்கொள்கிறவர்களின் பாரத்தை அளக்க ஸாரிட் என்பவர் பெயரில் 22 கேள்விகள் உள்ள ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 88. பிப்ரவரியில் அந்த அக்காவுக்கு 53 வந்தது. மொத்தத்தைவிட என்னை நிறுத்தியது இரண்டு கேள்விகள்: "இவருக்காக இன்னும் அதிகம் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதா?", "இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறதா?" இரண்டுக்கும் 4. நாளைக்கு 10 தடவை திருப்பி, ஒரு வேளைக்கு 45 நிமிஷம் ஊட்டுகிற ஆள் சொன்ன பதில் இது. வெளியே பேசியவர்கள் போன பிறகும் அவர்கள் குரல் உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் மறுபடி கேட்டபோது மொத்தம் 44. அந்த இரண்டு கேள்விகளில் ஒன்று 2 ஆகியிருந்தது, இன்னொன்று அப்படியே 4. நடுவில் தூக்கம் இல்லாமல் போன ஒரு வாரத்தில் 14416 எண்ணில், அந்த அரசு மனநல உதவி எண்ணில், இரண்டு முறை பேசியிருக்கிறார். தமிழிலேயே பேசினார்களாம். "முகம் தெரியாத ஆள்னா ஈஸியா இருக்கு சிஸ்டர், திரும்பத் தெருவுல பாக்க வேண்டியதில்ல" என்றார்.

புண் முழுசாக ஆற 14 வாரம் ஆனது. சர்க்கரை இருப்பவருக்கு அது நல்ல வேகம்தான்.

செப்டம்பரில் கடைசியாகப் போனபோது நோயாளி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், முடி காது வரை வளர்ந்திருந்தது. மருமகள் ஏதோ ப்ளவுஸுக்குத் துணி எடுக்க பீரோவைத் திறந்தார். புடவைகளுக்கு அடியில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட காலண்டர் தாள்கள், பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு மாதத்துக்குமாக. இதெல்லாம் எதுக்குக்கா, பழைய பேப்பர்காரருக்குப் போடலாமே என்றேன்.

"இருக்கட்டும் சிஸ்டர். யாராவது கேட்டா காட்டலாம்."

யார் கேக்கப் போறாங்க என்றேன். அவர் துணியை உதறி மெஷின் மேல் விரித்துக்கொண்டே, தெரியல என்றார்.